யாக்கோப்பு அண்ணர் தெரிந்தெடுத்த வள்ளம்

பிரான்காச்சோ பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள கடையில் சியாகுல்லி மந்தரின் பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். யாக்கோப்பு அண்ணரின் மகன் ஜெரால்ட் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அப்பா விடியப் போயிட்டார்" என்றான். சொல்லவேண்டிய ஆறுதலைச் சொன்னேன். மனத்துக்குள், தப்பிவிட்டாரே என்று நினைத்தேன். "பிழை என்ரை" என்று அவர் ஒருமுறை சொல்வார் என்று ஏழு வருடங்கள் காத்திருந்தவன் நான்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பங்கு மக்களுக்கு அவர் செய்த உதவிகள் தெரியும். எனக்கும் செய்தார். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் என் பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதிக் காகிதங்களை அதிகாரி தள்ளிவிட்டபோது நான் பேசாமல் திரும்பி நடந்தேன். கூட வந்த யாக்கோப்பு அண்ணர் நகரவில்லை. பாதி இத்தாலியனும் பாதி மன்னார்த் தமிழுமாக அவர் போட்ட சத்தத்தில் காகிதம் உள்ளே போனது. "மாஸ்டர், பயந்த ஆக்களின்ரை காகிதமும் பயந்துதான் கிடக்கும்" என்றார். அந்தச் சத்தத்துக்கு நான் நன்றியுள்ளவன். பிறகு அதே சத்தம் என்னை உட்காரவைத்தது.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வள்ளம் எடுத்து, சனி ஞாயிறுகளில் மலைமேல் உள்ள குளத்தில் தங்குவதென்று முடிவாகியது. என் மனைவி மெற்றில்டா முப்பது வருடங்கள் பொலிதேயாமாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா எசமானியின் வீட்டோடு தங்கி வேலை செய்தவள். "மணி அடிச்சுக் கூப்பிட ஆளில்லாத இடத்திலை ஒரு இரவு படுக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன் நான்; கொப்பியும் கையுமாகத் திரிவதால்தான் அவருக்கு மாஸ்டர். மூன்று மாதங்கள், மாதம் ஒருமுறை, பேருந்தில் ஏறிக் குளத்துக்குப் போனேன். அது அணைகட்டித் தேக்கிய தண்ணீர். கோடையில் திறந்துவிடுவார்கள். கரைப் பாறையில் பழைய நீர்மட்டம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அளந்து எழுதினேன். தண்ணீர் இறங்கினாலும் சாயாமல் இருக்கும், தட்டையான அடியும் அகலமும் உள்ள படகுதான் அங்கே சரி. அப்படி ஒன்று துறைமுகத்தில் விற்பனைக்கு நின்றது. நான்கு படுக்கைகள், சிறிய கழிப்பறை, கூரை எல்லாம் இருந்தன. அழகு மட்டும் இல்லை.

அதை யாக்கோப்பு அண்ணர் திரும்பியும் பார்க்கவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆழமான அடியும் உயர்ந்த முகப்பும் கொண்ட நீல நிறக் கடல்வள்ளத்தை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "கடலைத் தாங்கிறது குளத்தைத் தாங்காதோ?" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் நான்கு குடும்பங்களின் முன்னால் நான் அளவுக் கொப்பியைத் திறந்தேன். இரண்டாவது வரியிலேயே அவர் குறுக்கிட்டார்.

"மாஸ்டர், வள்ளம் எடுக்கப் போறமோ, கலியாணம் பேசப் போறமோ? சாதகமெல்லோ பாக்கிறியள்."

"இல்லை அண்ணை, ஓகஸ்ற்றிலை தண்ணி..."

"உந்தச் சவர்க்காரப் பெட்டியிலை ஏறினா மீனெல்லாம் சிரிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மெற்றில்டாவும் சிரித்தாள். என் அளவு பிழையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அது என் குற்றம். அதை மறைக்கவில்லை.

நீல வள்ளமே வாங்கிக் குளத்தில் விடப்பட்டது. குடும்பங்கள் போகும் முறையை அவர் வயதுப்படி வைத்தார். தண்ணீர் நிறைந்திருந்த ஆனியில் அவருடைய குடும்பம் போனது. எங்கள் முறை ஓகஸ்ற் மாதம் வந்தது. இடியப்பமும் மீன்குழம்பும் தலையணைகளுமாகப் போய் இறங்கினோம். தண்ணீருக்கு முப்பது அடி இப்பால், சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது நீல வள்ளம். மெற்றில்டா கரையில் தலையணையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். மாலைப் பேருந்தில் திரும்பினோம்.

"அடுத்த வருசம் பாப்பம் தங்கச்சி, தண்ணி எங்கை போகும்?" என்றார் யாக்கோப்பு அண்ணர்.

அடுத்த வருடம் பிறந்து சில வாரங்களில் மெற்றில்டா மாரடைப்பால் இறந்தாள். பெட்டியின் தலைப்பக்கத்தை அவர்தான் தூக்கினார். என்னைவிட அதிகமாக அழுதார். அதற்காகவும் அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி சுவாமியார் இருமுறை சொல்லிவிட்டார். முயல்கிறேன் என்று இருமுறையும் பொய் சொன்னேன்.

போன ஞாயிறு ஜெரால்ட் வீட்டுக்கு வந்தான். நீல வள்ளத்தை விற்றுவிட்டு, இந்தக் கோடைக்குத் தட்டையான படகு ஒன்று எடுக்கிறார்களாம். "அப்பான்ரை பேரைப் போடுவம் மாமா. மலருக்கும் நீங்கள் ரெண்டு வரி எழுதவேணும்" என்றான்.

"எழுதிறன். பேர் மெற்றில்டா. நான் எழுதிறதிலை ஒரு சொல்லும் வெட்டக்கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஓம் மாமா" என்றான்.

யாக்கோப்பு அண்ணரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஓகஸ்ற் சனிக்கிழமை ஒன்றைத்தான். அவருடைய நல்ல நாட்களெல்லாம் உங்களுடையவை. இனி அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தப் படகில் ஏறும்போதெல்லாம் பெயரை வாசித்து, இது ஆர் என்று கேட்பார்கள். அவருடைய வீட்டார்தான் பதில் சொல்லவேண்டும்.