கடலோரச் செம்மரத்துக்குச் சாட்சி தேடிப் போன நாள்

மாமல்லபுரம் போனால் எந்தச் சிற்பத்தை எந்த வெயிலில் பார்க்கலாம் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். 2006 தை மாதம் நான் அந்தப் பக்கம் போனது ஒரு மரத்தில் ஓட்டை போட.

கட்டையைச் சோதித்து அது வளர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. தணிகாசலம் என்ற விவசாயி தன் கொல்லையில் வளர்ந்த செம்மரங்களை விற்றிருந்தார். செங்கல்பட்டுக்கு அருகே சோதனைச் சாவடியில் லாரி மாட்டிக்கொண்டது. ஆந்திர மலையிலிருந்து கடத்திய கட்டை என்று வழக்கு. அனுமதிச் சீட்டு வைத்திருந்தார். ஆனால் அந்தச் சீட்டுக்கு உரிய கட்டை இதுதானா என்று சீட்டு சொல்லாதே. ஆள் ஜாமீனில் இருந்தார். நிரூபிக்காவிட்டால் திரும்ப உள்ளேதான்.

கிண்டியில் காலை ஆறரை மணிக்குப் பஸ். கேளம்பாக்கம் வரை பத்து ரூபாய். சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்ததால் நாவலூர் தாண்டுவதற்குள் தலையெல்லாம் புழுதி. துப்பட்டா எடுத்துப் போங்கள். கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். என் பையில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கருவியை டிரைவர் பார்த்துவிட்டார்.

"இன்னா மேடம் அது, போர் போடற மெஷினா?"

"ஆமாம், மரத்துக்கு. எந்த ஊர்த் தண்ணியக் குடிச்சு வளந்துதுன்னு கண்டுபிடிக்க."

"என்னிய மட்டும் சோதிச்சுடாதீங்க" என்றார்.

கோவளத்தில் மாமல்லபுரம் பஸ் பிடித்து, வழியில் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியே ஒரு கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயர் வேண்டாம், வழக்கில் அடிபட்ட ஊர்.

தணிகாசலம் சோதனைக்கென்று மரங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு பை நிறைய மண் அள்ளி வைத்திருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. செம்மரத்தை வேரோடு எடுத்தால்தான் நல்ல விலை என்று எல்லா அடிமரத்தையும் தோண்டி விற்றுவிட்டு, குழிகளை லாரியில் வந்த ஏரி மண்ணால் மூடியிருந்தார். வேற்றூர் மண் இவருக்கு எப்படிச் சாட்சி சொல்லும்?

மிச்சம் இருந்தது ஒரே மரம், முள்வேலிக்கு அந்தப் பக்கம். விற்ற மரங்களை நட்ட அதே நாளில் அவருடைய அப்பா நட்டது. பாகப்பிரிவினையில் தம்பி ஏழுமலைக்குப் போயிருந்தது. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. நானே வேலியைச் சுற்றிப் போய்க் கேட்டேன்.

"அது என் மரம். அந்தாளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் ஏழுமலை. "ஓட்ட போட்ட மரத்த எவன் வாங்குவான்?"

"உங்க அண்ணன் பொய் சொல்லியிருந்தா அதுவும் தெரிஞ்சுடும்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்ப போடுங்க. தெரியட்டும்."

கைப்பிடியைச் சுழற்றினால் அந்தக் கருவி மரத்துக்குள் ஏறி, பென்சில் கனத்தில் ஒரு துண்டை உருவி வரும். தேக்கு என்றால் நான் ஒருத்தியே போதும். செம்மரம் இரும்பு மாதிரி. பாதியில் கருவி சிக்கிக்கொண்டது. நானும் ஏழுமலையும் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. வேலியோரம் நின்றிருந்த தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். முள்ளை விலக்கிக்கொண்டு வந்து கைப்பிடியின் மறுமுனையைப் பிடித்தார்.

"அந்தாள எடப்பக்கம் சுத்தச் சொல்லுங்க மேடம்" என்றார் தம்பி.

"சுத்திகினுதான் கீறேன்னு சொல்லுங்க" என்றார் அண்ணன்.

ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு என் வழியாகவே பேசினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவழியாகக் கருவி திரும்பியது. ரத்தச் சிவப்பில் துண்டு முழுசாக வந்தது.

கடல் காற்றில் வரும் உப்பு, மழையோடு மண்ணில் இறங்கி வேர் வழியே மரத்தில் ஏறும். அந்த உப்பில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் உண்டு. அதன் வகைகள் கலந்திருக்கும் அளவு கடலோரத்தில் ஒரு மாதிரி, பழைய மலைப்பாறையில் வேறு மாதிரி. மலைக்கட்டைகளின் அளவும் லாரிக் கட்டையின் ஒரு துண்டும் ஏற்கெனவே எங்களிடம் இருந்தன. இந்தச் சோதனை 'இன்னார் கொல்லை' என்று விரல் நீட்டாது; மலையா கடலோரமா என்று கேட்டால் தெளிவாகச் சொல்லும். எனக்கு இதில் முழு நம்பிக்கை உண்டு, அன்றும் இருந்தது.

செம்மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விற்கும்போது ஒரு மரத்தையாவது நிற்க விடுங்கள். துண்டு எடுக்கப் போகிறவர்கள் கைபலம் உள்ள இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது.

மாசி கடைசியில் முடிவு வந்தது. லாரியிலிருந்த கட்டையும் ஏழுமலையின் மரமும் ஒத்துப்போயின. மலைக்கட்டையோடு ஒட்டவே இல்லை. அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டுத் தணிகாசலம் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஏழுமலை.

"அண்ணன் தோப்புல கீது. இன்னா சொல்லுச்சி மேடம் எங்க மரம்?"

சொன்னேன். உடனே "அண்ணே, இங்க வா" என்று அவர் தோப்பைப் பார்த்துக் கூப்பிட்டது எனக்கும் கேட்டது.