எங்களுக்கு வரி போடுங்கள்

காகிதத்தில் பெயர் ஏறினால் கப்பல் வரும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாவின் தகப்பனார் ஒரே ஒரு முறை ஓட்டுப் போட்டவர். அடுத்த வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிறகு பிரஜாவுரிமைக்கு ஒரு பட்டியல் வந்தது, இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களுக்கு இன்னொன்று வந்தது. அந்த இரண்டாவது பட்டியலில் அப்பாவின் பெயர் தவறாமல் இருந்தது. ஆறு வயதில் அவர் தோளில் உட்கார்ந்து நான் தலைமன்னாரில் கப்பலேறினேன். மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம்.

கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த ஒரு சரிவில், அரசு நிலத்தில், எங்களைப் போல் வந்த முப்பது குடும்பங்கள் மண்சுவர் எழுப்பிக் குடியிருந்தன. அப்பா கீழே காரட் தோட்டத்தில் வேலை செய்தார். ரேஷன் அட்டையில் அவருடைய உண்மையான பெயர் இருந்தது. அரிசி தருகிற பட்டியலை மட்டும் அவர் மன்னித்திருந்தார்.

வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எடுக்க ஒரு பள்ளி ஆசிரியர் மூச்சு வாங்கச் சரிவேறி வந்தபோது, அப்பா ஒரு விபரீதமான காரியத்தைச் செய்தார். பெயர் என்னவென்று கேட்டவரிடம், சிலோனில் தம்மை வேலை வாங்கிய கங்காணியின் பெயரைச் சொன்னார். மறுபடியும் கப்பல் வந்தால் கங்காணி போகட்டும் என்பது அவர் எண்ணம். ஆசிரியர் அப்படியே எழுதிக்கொண்டார். அம்மாவின் பெயருக்கு எதிரே கணவர் என்ற இடத்திலும் கங்காணியையே எழுதினார்.

அம்மா இதைப் பல வருடங்கள் சும்மா விடவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அப்பா முகம் சுளித்தால், "பெரிய கங்காணியே ஒண்ணும் சொல்லல, நீங்க யாரு கேக்கறதுக்கு?" என்பாள். அப்பாவும் சிரிப்பார். இருவரும் ஓட்டுச்சாவடிப் பக்கமே போனதில்லை.

எனக்கு ஓட்டுப் போடும் வயது வந்தபோது நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். பல வருடங்களாக நடக்காமலிருந்த உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. எங்கள் சரிவில் புதிதாக ஓட்டுரிமை பெறும் வயதில் பதினொரு பேர் இருந்தோம். படிவங்களை நான் வாங்கி வந்தேன். தந்தை பெயர் என்ற இடத்தில் அப்பாவின் உண்மையான பெயரை எழுதினேன். வேறு எதை எழுதுவது? அன்றிலிருந்து மூன்று வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. "பேரு குடுத்தா போகத்தான் சொல்லுவாங்க, புள்ள" என்று ஒரு முறை சுவரைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் அளவைக்காரர்கள் வந்து சரிவின் நான்கு மூலைகளிலும் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குடியிருப்புக்குச் சான்று காட்டாதவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ரேஷன் அட்டை இதற்குப் போதாது என்றார்கள்; எங்களிடம் வேறு சான்று எதுவும் இல்லை. மின்சாரம் கேட்டால் வீட்டு வரி ரசீது கேட்டார்கள். வரி கட்டப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனால், உங்கள் வீடுகளுக்கு வரி விதிக்கப்படவே இல்லை என்றார்கள். வரி கட்டடத்துக்கு உரியது, நிலம் யாருடையது என்பது தனிக் கேள்வி என்று நூலகத்தில் விதிகளைப் படித்து நான் குறித்து வைத்திருந்தேன். அங்கிருந்த எழுத்தர் அதை மரியாதையாக வாசித்தார். மேலே கேட்டுச் சொல்வதாகக் கூறினார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தேர்தலில் வரிக் குறைப்புத்தான் எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது. ஒருவர் வீட்டு வரியைப் பாதியாக்குவேன் என்றார். இன்னொருவர் ஏழைகளுக்கு அறவே நீக்குவேன் என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒருசேர வந்தன. பதினொரு பேரும் கூடி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி நிமிர்த்தி, வெள்ளையடித்து, பாதையின் வாயிலில் நட்டோம். அதில் எழுதியிருந்தது இதுதான்: எங்கள் வீடுகளுக்கு வரி போடச் சம்மதிக்காதவர்கள் ஓட்டுக் கேட்டு வர வேண்டாம்.

ஓய்வு பெற்ற செவிலி ஒருவர் தலைவர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். அவர் மட்டும் தனியாக நடந்து வந்து, விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வரி விதிக்கக் கேட்டு நாங்கள் எழுதியிருந்த மனுவில் கையெழுத்திட்டார். வெல்வார் என்று எல்லோரும் சொன்ன வேட்பாளர், குன்னூரில் கடைகள் வைத்திருந்தவர், மறுநாள் ஜீப்பில் வந்து இறங்கினார். பலகையை இரண்டு முறை படித்தார்.

"ஏனுங்க, ஊரே வரிய எடுக்கச் சொல்லுது, நீங்க மட்டும் போடச் சொல்றீங்க. குளிரு தலைக்கேறிப் போச்சுங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் முன்னால் போனேன். "எடுக்கறதுக்கு முதல்ல போட்டிருக்கணுமுங்க. எங்களுக்கு இல்லாததை நீங்க எப்படி ரத்து பண்ணுவீங்க?"

என் பக்கத்தில் நின்ற தோழி, "அப்படியே எங்க கரண்டு பில்லையும் தள்ளுபடி பண்ணிருங்க. கம்பமே இன்னும் வரல" என்றாள். இப்போது எங்கள் பக்கம் சிரித்தது.

அவர் முகம் மாறியது. ரசீது கேட்பது ஆக்கிரமிப்பை நாங்களே எழுதிக் கொடுப்பது போலாகும் என்று, பயமுறுத்துகிற நிதானத்தோடு, பெரியவர்களைப் பார்த்து விளக்கினார். பெரியவர்கள் தலை குனிந்தார்கள். இதற்குள் அவருடைய ஆள் என் பெயரைப் பக்கத்தில் விசாரித்து, வாக்காளர் பட்டியலைப் புரட்டி, ஓரிடத்தில் விரல் வைத்து அவரிடம் காட்டினார். வேட்பாளர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊட்டுல குடியிருக்கறவரு பேரு ஒண்ணு, இந்தப் புள்ளையோட அப்பன் பேரு வேற ஒண்ணு. மொதல்ல அப்பன் யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க கண்ணு, அப்பறம் வரியப் பத்திப் பேசலாம்."

குழாயடியில் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள். வருடக்கணக்காகத் தான் கேலி செய்து வந்த ஒரு விஷயத்தை ஊர் நடுவில் வேறொருவர் கையிலெடுத்ததை அவள் எப்படித் தாங்கினாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. படித்த எந்த விதியும் உதவிக்கு வரவில்லை.

அப்பா காரட் கழுவுகிற இடத்திலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்தப் பேரு என்னுது இல்லீங்க. பயந்துக்கிட்டு நான் சொன்ன பொய்யி. எம் மக எழுதுனதுதான் என் பேரு."

பிறகு தம் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், குடியிருந்த லயம் என்ற வரிசை வீட்டின் எண் என்று, காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுக்கிற இடத்தில் பதில் சொல்லும் குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எனக்கே தெரியாத சில விவரங்கள் அதில் இருந்தன.

"பொய்ப் பேரு குடுத்தா கேஸுங்க. தெரியுமில்ல?" என்றார் வேட்பாளர்.

"போடுங்க. கேஸுன்னாலும் என் பேருலயே போடுங்க. வரியும் அந்தப் பேருலயே போடுங்க. நாங்க எங்கயும் போகப்போறதில்ல."

ஜீப் கிளம்பிப் போனது. அப்பா குழாயடிக்குப் போய் அம்மாவின் குடத்தை வாங்கித் தம் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா அன்று முழுவதும் அவரைக் கேலி செய்யவில்லை.

பட்டியலைத் திருத்துகிற காலக்கெடு முடிந்திருந்தது. தேர்தல் நாளன்று ஓட்டுச்சாவடி வாசலில் ஒரு கட்சிக்காரர் கங்காணி பெயருக்கான சீட்டை அப்பாவிடம் நீட்டினார். யாரும் கேட்கப்போவதில்லை, உள்ளே போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். "அந்த ஆளு சிலோன்லயே செத்துப் போயிட்டாருங்க. செத்தவரு ஓட்டை நான் எதுக்குப் போடணும்?" என்று சொல்லிவிட்டு, அப்பா நாங்கள் திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக உள்ளே போனாள். அலுவலர் அவளுடைய கணவர் பெயரைக் கங்காணியின் பெயராக வாசித்தபோது, "இன்னிக்கு ஒரு நாளைக்கு அப்படியே இருக்கட்டுங்க" என்றாளாம். விரல் மையோடு வெளியே வந்தவள் அப்பாவிடம் அதைச் சொல்ல, அவர் நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

செவிலி தோற்றார். கடைக்காரர் வென்றார். எங்கள் பலகையை நாங்கள் எடுக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் பதினொரு பேரில் இருவராவது மனுவோடு அலுவலகத்தில் நின்றோம். வேலை இருந்தவர்கள் விடுப்பெடுத்து நின்றோம். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் பேசியதையே பதவியில் உட்கார்ந்தவரிடமும் பேசினோம், குரலைத் தாழ்த்தவில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்தபின் ஒருவர் அளவு நாடாவோடு வந்து எங்கள் சுவர்களை அளந்தார். முதல் ரசீது அப்பா பெயரில் வந்தது. அவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அடுத்த வருடம் கம்பமும் வந்தது. காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை.

இப்போது தேர்தல் நெருங்கினால், முதல் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் பேச வருவார்கள். எந்த வரியை நீக்கலாம், எதைக் குறைக்கலாம் என்று கைப்பேசியில் படித்ததைச் சுறுசுறுப்பாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நான் பொறுமையாகக் கேட்கிறேன். பிறகு, வரி விதிக்கத் தகுந்தவையாகக்கூட மதிக்கப்படாமல் உங்கள் ஊரில் எத்தனை வீடுகள் நிற்கின்றன என்று கேட்கிறேன். எண்ணிக்கொண்டு வரச் சொல்லி அனுப்புகிறேன். சிலர் திரும்பி வருகிறார்கள்.

செவிலியும் அப்பாவும் காலமாகிவிட்டார்கள். பதினொரு பேரில் எட்டுப் பேர் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். சரிவில் மூன்று பேர் இருக்கிறோம். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.