மருதை பெயரில் வந்த புகார்கள்

வேலையில் சுப்ரஜாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துத் தில்லைநகர் ஆபீசுக்கு வந்து, மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய மொபைல் ஆப்பை வேண்டுமென்றே முடக்கிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். கதிர் அறுக்கும் மெஷினை விவசாயிகள் வாடகைக்குப் பதிவு செய்யும் ஆப் அது. யாருடைய போனில் அது பட்டென்று மூடிக்கொண்டாலும், அவர் பெயரோடு ஒரு புகார் தானாகவே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சோதிப்பது அவள் பொறுப்பு.

சோதனைக்கு ஒரு பொய்ப் பெயர் தேவைப்பட்டது. மருதை என்று வைத்தாள். "இந்தப் பேர்ல யாரு ஆப்பைத் தொடப்போறா?" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். மருதை பெயரில் குவிகிற சோதனைப் புகார்கள் மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று, அந்தப் பெயரில் எது வந்தாலும் உடனே 'முடிந்தது' என்று குறித்து மூடிவிடும்படி கம்ப்யூட்டரில் சொல்லிவைத்தாள். சோதனை முடிந்தது, பாராட்டும் கிடைத்தது. சொல்லிவைத்ததை நீக்க மட்டும் மறந்துபோனாள்.

தை மாதம் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர், போனைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். பட்டனை அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறதாம். மெஷின் கிடைக்காமல், பருவம் தப்பிய மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டதாம். சுப்ரஜா அவரை எதிரே உட்காரவைத்து அழுத்தச் சொன்னாள். ஆப் மூடிக்கொண்டது. அவள் திரையில் புகார் வந்தது. வந்த வேகத்தில் 'முடிந்தது' என்று மாறியது. பெயர் மருதை; அவருடைய சொந்தப் பெயரே அதுதான். அதன் கீழே அவர் போனிலிருந்து வந்த பழைய புகார்கள், எல்லாமே முடிந்ததாகத் திரை கொள்ளாமல் கிடந்தன.

சோதனைக்காகச் சொல்லிவைத்ததை நீக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரோ தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"வெரலு காச்சுப் போயிருக்கும்மா. அழுத்தத் தெரியல போலிருக்கு. உங்களுக்குத்தான் சிரமம்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்; நினைத்ததே அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"உங்க விரல்ல ஒண்ணும் இல்லீங்க. சோதனைக்கு உங்க பேரை வச்சது நான். நீங்க அனுப்பினதையெல்லாம் யாரும் பார்க்காம மூடவச்சதும் நான்தான்."

மருதை கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வேற பேரே கிடைக்கலியாம்மா? என் பேரை ஏன் எடுத்தீங்க?"

பக்கத்து சீட்டில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. பதில் சுப்ரஜாவுக்குத் தெரியும். அன்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னதை, இன்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.