அமிர்தவள்ளி எந்த வருஷம் பிறந்தாள்

அமிர்தவள்ளிக்கு ஐம்பத்தேழு வயது என்று ஆதார் அட்டை சொன்னது. அவள் கண் அப்படிச் சொல்லவில்லை. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருஷமாக மேல்தோல் தைக்கிறவள், இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பாள். ஆனால் கம்பெனிக்குக் கண்ணா முக்கியம், அட்டைதான் முக்கியம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆபீஸ் அறையில் வேலை பார்க்கும் ஜாஸ்மின் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தாள். வருகிற ஜனவரி ஒன்றாம் தேதியோடு ஐம்பத்தெட்டு முடிகிறது, அதோடு வேலையும் முடிகிறது என்று அதில் இருந்தது. அமிர்தவள்ளிக்குப் புருஷன் இல்லை. கடைசிப் பெண் எழிலரசி வேலூரில் நர்சிங் படிப்பில் சேர்ந்து அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று வருஷம் படிக்க வேண்டும். தாயின் வேலை போனால் மகளின் படிப்பும் போகும். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஜனவரி ஒன்று எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆதார் அட்டைக்காகப் படம் பிடித்த நாளில், அங்கே உட்கார்ந்திருந்தவர் பிறந்த தேதியைக் கேட்டார். அமிர்தவள்ளி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. தெரியாது என்றாள். அவர் அவளுடைய முன்தலை நரையைப் பார்த்தார், ஒரு வருஷத்தைத் தட்டினார், தேதிக்கு ஜனவரி ஒன்றைப் போட்டார். அவளுக்கு முன்னால் நின்றவளுக்கும் அதே தேதி, பின்னால் நின்றவளுக்கும் அதே தேதி. நரை சின்ன வயதிலேயே வந்த குடும்பம் அது. அதை யார் கேட்டார்கள்?

தான் அவ்வளவு முன்னால் பிறக்கவில்லை என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம். செத்துப்போன அவள் அம்மா கண்ணம்மாள் ஒன்றை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள்: நீ கார்த்திகை மாசம் பிறந்தாய், ரம்ஜான் பண்டிகைக்கு மறுநாள். வருஷம் அம்மாவுக்கும் தெரியாது.

டீ நேரத்தில் இதைக் கட்டிங் பிரிவு மேஸ்திரி உமர் ஃபாரூக்கிடம் சொன்னாள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் தேய்த்தான்.

"பண்டிகை வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால வந்துடும்க்கா. உங்க வயசுக்குக் கார்த்திகையில விழுந்தது மூணே மூணு வருஷம்தான். அறுபத்தொம்பது, எழுபது, எழுபத்தொண்ணு. உங்க அட்டையில இருக்கிற அறுபத்தேழுல கார்த்திகையில பண்டிகையே கிடையாது."

அமிர்தவள்ளி விரல் விட்டு எண்ணினாள். மூன்றில் எதுவானாலும் எழிலரசியின் படிப்பு முடிகிறவரை வேலை இருக்கும். ஆனால் போனில் பார்த்த பிறையைக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. அரசாங்கம் கொடுத்த பிறப்புச் சான்று வேண்டும், அதில் தாய் தகப்பன் பெயர் சரியாக இருக்க வேண்டும் என்று ஜாஸ்மின் சொல்லிவிட்டாள்.

அவள் பிறந்தது கல்லேரிப்பட்டி, மலையடிவாரத்தில் சின்ன ஊர். ஒரு நாள் லீவு போட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அது கிராமம், எங்களிடம் வராது என்றார்கள். இ-சேவை மையத்தில் கேட்டாள். கம்ப்யூட்டரில் ஏறியிருப்பதெல்லாம் சமீபத்துப் பிறப்பு என்றார்கள். கிராம நிர்வாக அலுவலர் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன்னிடம் இருப்பது நடப்புப் புத்தகம் மட்டும்தான், அந்தக் காலத்தில் மணியக்காரர் எழுதியதெல்லாம் பத்திர ஆபீசுக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்.

அமிர்தவள்ளிக்கு ஆச்சரியம். நிலம் வாங்கவும் விற்கவும் போகிற இடத்தில் பிள்ளை பிறந்ததை ஏன் வைத்திருக்கிறார்கள்? போய்ப் பார்த்தால் உண்மைதான். முன்னால் வெள்ளை வேட்டிக்காரர்கள் பத்திரத்தோடு நிற்கிறார்கள். பின்னால் ஒரு அறை, அதில் கூரைவரை நீளமான புத்தகங்கள். சிவப்புத் துணியில் கட்டியது, சணலில் கட்டியது, கட்டே அவிழ்ந்தது. எத்தனை ஊர்ப் பிள்ளைகளை அங்கே அடுக்கி வைத்திருந்தார்களோ.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தசாமி. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மனு எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாளில் போய் உட்கார்ந்தாள். தகப்பன் பச்சையப்பன், தாய் கண்ணம்மாள் என்று மூன்று வருஷத்திலும் தேடிவிட்டு, கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே வந்தார். அப்படி ஒரு பதிவு இல்லை. 'பதிவு இல்லை' என்றே ஒரு சான்று தருவதாகவும், அதை வைத்துக்கொண்டு கோட்டாட்சியர் ஆபீசில் புதிதாகப் பதியச் சொல்லிக் கேட்கலாம் என்றும் சொன்னார். சாட்சி, விசாரணை எல்லாம் முடிய எத்தனை மாதமாகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஜனவரிக்கு முன்னால் ஆகாது என்பது மட்டும் தெரிந்தது.

வேறு யாராவது என்றால் அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். அமிர்தவள்ளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சார், பேரைப் பார்க்காதீங்க. அந்த மூணு கார்த்திகையில எங்க ஊர்ல பொறந்த பொம்பளைப் பிள்ளைங்களை மட்டும் படிங்க. யார் யாருன்னு நான் சொல்றேன்."

"இன்னாம்மா, ஊர்ப் பொண்ணுங்களை எண்ணவா வந்தே?"

"எண்ணித்தான் பார்ப்போமே சார். சின்ன ஊரு."

அவருக்கும் உள்ளுக்குள் ஆசை வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்தப் புத்தகங்களோடு குடும்பம் நடத்துகிறார், அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை. புத்தகத்தை மேஜைக்கே கொண்டுவந்தார். அறுபத்தொன்பதில் இரண்டு பெண்கள். ஒருத்தியை ஆலங்காயத்தில் கொடுத்தது, மற்றவள் திமிரியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள் என்றாள் அமிர்தவள்ளி. எழுபதில் மூன்று பேர். மூன்று பேரும் அவளோடு ஏரியில் குளித்தவர்கள்தான். எழுபத்தொன்றில் ஒரே ஒரு பதிவு. கோவிந்தசாமி விரலை வைத்துப் படித்தார்.

"நவம்பர் இருபத்தொண்ணு. பெண். பேர் எழுதலை. தகப்பன் அப்துல் சமது, தோல் ஷாப்புக் கூலி. தாய் ரஃபத் ஜஹான்."

அமிர்தவள்ளி அந்தப் பக்கத்தையே பார்த்தாள். ரஃபத் ஜஹான் அவர்களுடைய பக்கத்து வீடு. தெருவே அவளைக் காலா என்றுதான் கூப்பிடும். அவர்கள் பேச்சில் சித்தி என்று அர்த்தம்.

"சார், அது தப்பு. காலாவுக்கு ரெண்டும் ஆம்பளைப் பிள்ளை. பொண்ணே கிடையாது."

"செத்துப் போயிருக்கும்மா."

"செத்திருந்தா அழுதிருப்பாங்க சார். எங்க தெருவுல அப்படி ஒரு சாவு யாரும் சொன்னதில்ல."

கோவிந்தசாமி போனில் அந்த வருஷத்து நாள்காட்டியைப் பார்த்தார். பண்டிகை இருபதாம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் இருபத்தொன்று. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ரஃபத் ஜஹானுக்கு இப்போது எழுபத்தேழு வயது. பேரணாம்பட்டில் இளைய மகன் வீட்டில் இருக்கிறாள். அன்று சாயங்காலமே அமிர்தவள்ளி அங்கே போய்க் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நவம்பர் இருபத்தொன்றில் பிறந்த உங்கள் பெண் எங்கே காலா என்று கேட்டாள்.

கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, நீதான் என்றாள்.

நடந்தது இதுதான். அமிர்தவள்ளிக்கு முன்னால் கண்ணம்மாளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவது பிறந்ததும் மாமியார் ஒரு முடிவெடுத்தாள். இந்த வீட்டில் பிள்ளை பிறந்தால்தானே எமன் வருகிறான்? பக்கத்து வீட்டுக்கு விற்றுவிட்டால் இங்கே வந்து எதை எடுப்பான்? குழந்தையைத் துணியில் சுற்றி வேலிக்கு மேலாக நீட்டினாள். ரஃபத் ஜஹான் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் இப்படித் தவிட்டுக்கு விற்ற பிள்ளைகள் உண்டு. விற்றதை வெளியில் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பார்கள். கண்ணம்மாள் கடைசிவரை மகளிடம்கூடச் சொல்லாமல் போனதும் அதனால்தான்.

மூன்றாம் நாள் தலையாரி நோட்டோடு வந்தான். பிறப்பு இறப்புக் கேட்டு மணியக்காரரிடம் சொல்கிறவன் அவன்தான். யார் வீட்டில் குழந்தை அழுகிறது என்று கேட்டான். இங்கே யாரும் பிறக்கவில்லை என்றாள் மாமியார். எனக்குத்தான் பிறந்தது என்றாள் ரஃபத் ஜஹான். எமனை ஏமாற்றப் புறப்பட்டவர்கள் சர்க்காரை மட்டும் விட்டுவைப்பார்களா? பொய் என்றால் எல்லாரிடமும் ஒரே பொய்தான்.

அமிர்தவள்ளிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மறுநாள் கோவிந்தசாமியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பதிவு கிடைத்துவிட்டதால் கோட்டாட்சியரிடம் போக வேண்டாம், சார்பதிவாளரே திருத்தலாம் என்றார். பெயர் எழுதாத பழைய பதிவில் பெயர் சேர்க்கவும் அரசாங்கம் அவகாசம் கொடுத்திருக்கிறது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும், கிராம அலுவலர் விசாரித்து எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது என் பெண் இல்லை என்று ரஃபத் ஜஹான் கையெழுத்துப் போட வேண்டும்.

சாட்சி கிடைத்தது. கிராம அலுவலரும் ஊரில் விசாரித்து எழுதிக் கொடுத்தார். ரஃபத் ஜஹான் மட்டும் முடியாது என்றுவிட்டாள்.

"என் பொண்ணு இல்லைன்னு என் கையால எழுதமாட்டேன்."

"காலா, எனக்கு ஐம்பத்திமூணு வயசு முடியப்போவுது. இனிமே எமன் என்னைத் தேடி வந்து இன்னா பண்ணப் போறான்?"

"உனக்குத் தெரியாது. மூணு பிள்ளையைக் குழியில வெச்சதை நான் பார்த்தவ. என் பேர்ல இருந்ததாலதான் நீ இருக்கே. அந்தப் பேரை அடிச்சிட்டு அப்புறம் உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட கண்ணம்மாவைப் பார்ப்பேன்?"

மகன் எடுத்துச் சொன்னார். மருமகள் சொன்னாள். பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிறவர்கூட வந்து, இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். மார்க்கத்தில் இல்லாமல் இருக்கட்டும், நான் இருக்கிறேனே என்றாள் கிழவி. ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. கம்பெனியில் அமிர்தவள்ளியின் மிஷினுக்கு வேறொரு பெண்ணைப் பழக்க ஆரம்பித்தார்கள்.

அமிர்தவள்ளி கோபப்படவில்லை. அவளுக்குக் கிழவியின் பயம் புரிந்தது. பயத்தில் இருக்கிறவளை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினால் பிறகு தானும் நிம்மதியாகத் தைக்க முடியாது என்று நினைத்தாள். ஆனால் ஒன்றை யாருமே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பது அவளுக்குத் திடீரென்று பட்டது. பத்திர ஆபீசுக்குப் போய்க் கோவிந்தசாமியிடம் கேட்டாள். கையெழுத்துப் போட்டால் புத்தகத்தில் இருக்கிற காலாவின் பெயரை என்ன செய்வீர்கள்?

அவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வந்தார். வேறொரு பழைய புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நேரே போய், சும்மா வந்து ஒரு புத்தகத்தைப் பாருங்கள், கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிக் கிழவியை ஆட்டோவில் ஏற்றினாள்.

கோவிந்தசாமி இரண்டு புத்தகத்தையும் மேஜையில் விரித்து வைத்தார். ரஃபத் ஜஹானுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவர் விரல் வைத்த இடத்தில் தானும் விரலை வைத்தாள். மை பழுப்பாகிப் போயிருந்தது.

"இதை அடிச்சிடுவியா?"

"அடிக்கக் கூடாதும்மா. அழிக்கவும் கூடாது, சட்டமே அதான். மொதல்ல எழுதினது எழுதினபடியே இருக்கும். பெத்தது கண்ணம்மாள்னு பக்கத்துல ஓரமா எழுதி, தேதி போட்டு, அய்யா கையெழுத்துப் போடுவாரு. இதோ பாரு, இந்தப் புஸ்தகத்துல வேற ஒருத்தருக்குச் செஞ்சிருக்கு."

"நூறு வருஷம் போனாலும்?"

"புஸ்தகம் இருக்கிறவரைக்கும் உன் பேர் இருக்கும்."

கிழவி அந்த ஓரத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுதி வைத்திருந்த தாளைப் படிக்கச் சொன்னாள். 'அது என் பெண் அல்ல' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அப்படி வேணாம். பெத்தவ கண்ணம்மா, தவிட்டுக்கு வாங்கினவ நானுன்னு எழுது. அதுக்குத்தான் கையெழுத்து."

சட்டத்துக்கு அது போதுமா என்று கேட்கக் கோவிந்தசாமி சார்பதிவாளர் அறைக்குப் போனார். உள்ளே கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பெற்றவள் யார் என்று தெளிவாக இருந்தால் போதும், மற்றது அந்த அம்மாவின் இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். புதுத் தாளில் எழுதினார்கள். ரஃபத் ஜஹான் உருதுவில், வலப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

சான்று வந்தது ஐப்பசிக் கடைசியில். பெயர் அமிர்தவள்ளி, தாய் கண்ணம்மாள், தகப்பன் பச்சையப்பன், பிறந்தது 1971 நவம்பர் 21. அட்டையைத் திருத்தி, கம்பெனிக் கணக்கிலும் ஜாஸ்மின் திருத்தி முடிக்க டிசம்பர் பாதி ஆகிவிட்டது. ஓய்வுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே கோடு விழுந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்பது நவம்பர் வரை அவளுக்கு வேலை உண்டு. பழகிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பக்கத்து வரிசையில் மிஷின் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சான்றை எடுத்துக்கொண்டு போய் ரஃபத் ஜஹானுக்குக் காட்டினாள். கிழவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் என் பெயர் எங்கே என்று கேட்டாள். சான்றில் வராது, புத்தகத்தில்தான் இருக்கும் என்று திரும்ப ஒரு தடவை விளக்க வேண்டியிருந்தது. அமிர்தவள்ளிக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வாங்கின பிறகு எத்தனை நாள் தன்னை அந்த வீட்டில் வைத்திருந்தாள் என்று கேட்டாள்.

"எங்க வெச்சிருந்தேன்? பாலுக்குக் கத்தித் தீர்த்துட்டே. ஊரே பேஜாராயிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள கொண்டுபோய் உங்க அம்மா மடியில போட்டுட்டு வந்துட்டேன்" என்றாள் ரஃபத் ஜஹான்.