தவசி சொன்ன பெயர்கள்

எழுமலைக்குத் தெற்கே ஒத்தப்பனங்குளத்தில் தவசி நாட்டாண்மையானது இருபத்திரண்டு வயதில். அப்பா கண்ணை மூடிய பதினாறாம் நாள் ஊர் கூடித் தலைப்பாகை கட்டிவிட்டது. அன்று முதல் இருபது வருஷம் கண்மாய்த் தண்ணீர், வரப்புச் சண்டை, புருஷன் பெண்டாட்டி வழக்கு எல்லாவற்றுக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். சொந்த மைத்துனனையே சபையில் விழுந்து கும்பிட வைத்தவர். முன்கோபிதான். ஆனால் கோபத்தில் தீர்ப்புச் சொன்னதாக ஒருத்தரும் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட மனுஷனை ஏமாற்ற வெள்ளைக்காரச் சர்க்காருக்குத் துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

1922 மாசியில், குலசாமி கும்பிடப் பத்து நாள் இருக்கும்போது, ஓர் இன்ஸ்பெக்டர் ரைட்டரோடு சாவடிக்கு வந்தார். ஊரில் முக்கியமான ஆம்பளைகள் பெயரைச் சொல்லும்படி வெகு மரியாதையாகக் கேட்டார். தவசிக்கு அது மனப்பாடம். கோயிலில் தாம்பூலம் வாங்கும் வரிசைதானே? முதல் தாம்பூலம் நாட்டாண்மைக்கு, அப்புறம் ஒவ்வொரு வகையறாவின் தலைக்கட்டுக்கும். தன் பெயரை முதலில் வைத்துப் பதினேழு பேரைச் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை. மரியாதைப்பட்டவன் யார் என்று கேட்கிறவன் மரியாதை செய்யத்தான் கேட்பான் என்று நம்பினார்.

மத்தியானமே பங்காளி சிவனாண்டி வாசலில் வந்து நின்றார், முகமெல்லாம் சிவந்து.

"நாலாந் தாம்பூலம் எங்க வீட்டுக்கு. என்னைய எப்படிண்ணே விட்டீக?"

மறந்துதான் போயிருந்தது. மனைவி இருளாயி போட்ட சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு, தவசி இரண்டு மைல் வெயிலில் ஓடி இன்ஸ்பெக்டரின் வண்டியை மறித்தார். நாலாவது இடத்தில் சிவனாண்டியை எழுத வைத்த பிறகுதான் திரும்பினார். ரைட்டர் சிரித்ததை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் தமுக்கடித்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் குற்றப் பரம்பரை என்று கைரேகை எடுக்கும் ரேகைச் சட்டத்தில் வருகிறார்களாம். பிறவித் திருடர்களாம். பத்து விரலையும் மையில் உருட்ட வேண்டும், ஊர் எல்லையைத் தாண்ட ஸ்டேஷனில் சீட்டு வாங்க வேண்டும். அடுத்தவன் கோழியைக்கூடத் தொடாதவன், விடிந்தால் ஏர் பூட்டுகிறவன், அத்தனை பேரும் ஒரே நாளில் திருடன். இதற்குப் பெயர் சட்டமாம். தூ!

தவசி ஸ்டேஷனுக்குப் போனார். தான் சொல்லித்தானே எழுதினீர்கள், சிவனாண்டி பெயரை மட்டுமாவது அடியுங்கள் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொல்லவில்லை. எழுதின பெயர் எழுதினதுதான் என்றார். வேண்டுமானால் தவசியின் பெயரை அடிக்கலாம், அதற்குப் பதிலாக ஊரில் பதினெட்டு வயது முடிந்த பையன்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்றார். தவசி வெளியே வந்துவிட்டார்.

வைகாசியில் சிவனாண்டியின் மகளுக்குப் பேரையூரில் கல்யாணம். மூன்று தடவை நடந்தும் சீட்டுக் கிடைக்கவில்லை. பெற்ற மகளைக் கட்டிக்கொடுக்க எவன் சீட்டு வேண்டும் என்று சிவனாண்டி போய்விட்டார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த கைக்குப் பந்தலிலேயே விலங்கு மாட்டினார்கள். ஆறு மாதம் ஜெயில்.

அவர் மனைவி சின்னத்தாய் தவசி வீட்டுக்கு வந்தாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"நீங்க அன்னிக்கு மறந்தது மறந்தபடியே இருந்திருக்கக் கூடாதா மச்சான்?"

அதற்கப்புறம் தவசி சபையில் உட்காரவில்லை. வழக்கென்று வந்தவர்களை, வேறு ஆளைப் பாருங்கள் என்று விரட்டினார். வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் இருந்த ஆத்திரம்தான் அவரைத் தின்றது.

கார்த்திகையில் சிவனாண்டி இளைத்துக் கறுத்துத் திரும்பிவந்தார். தவசி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த வாரமே இன்ஸ்பெக்டர் ஊரைச் சாவடிக்கு வரச் சொன்னார். இந்தத் தடவை மரியாதை கிடையாது.

"பதினெட்டு முடிஞ்ச பயலுக பேரைச் சொல்லுடா. உன் பேரை இன்னிக்கே அடிச்சுடறேன்."

தவசி எழுந்து நின்றார்.

"எழுதிக்கங்க. தவசி."

"அது ஏற்கெனவே இருக்கு."

"அடுத்தது தவசி. அதுக்கு அடுத்தது தவசி. இந்த ஊர்ல ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

இன்ஸ்பெக்டர் ஓங்கி அறைந்தார். பெற்ற தகப்பன்கூடக் கைவைக்காத கன்னம் அது. கூட்டம் பதறியது, தவசி நகரவில்லை. இன்ஸ்பெக்டரின் கண் சிவனாண்டி மேல் விழுந்தது. ஜெயிலிலிருந்து வந்த ஆள், வஞ்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். உன்னைத் திருடனாக எழுதி வைத்தவன் இவன்தானே, நீ சொல், உன் பெயரை அடித்துவிடுகிறேன் என்றார்.

சிவனாண்டி தவசியை ஏறிட்டுப் பார்த்தார். தவசியால் அந்தப் பார்வைக்கு முன் நிற்க முடியவில்லை. தலை குனிந்துவிட்டார்.

"எங்க நாட்டாண்மை பேரைச் சொல்லி முடிச்சுட்டாரு" என்றார் சிவனாண்டி. "அதுக்கு மேல எனக்குப் பேச்சு கிடையாது."

இருவரையும் ஒரே விலங்கில் பூட்டி வண்டியில் ஏற்றினார்கள். ரைட்டர் அன்று புதிதாக ஒரு பெயரும் எழுதவில்லை.