துரை உட்கார்ந்த ஈர மெத்தை

1. முதல் நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் குளச்சல் படகுக் கொட்டகையில், படகு இருக்கைகளுக்கு மெத்தை தைக்கச் சேர்ந்தேன். முதல் நாளே வசவுதான்.

தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலுக்குப் படகில் போய்விட்டு கம்பெனித் துரை கரையிறங்கினார். வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம் வட்டமாக நனைந்திருந்தது. துடுப்புக்காரர்கள் கடல் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். துரை மேஸ்திரி ஞானமுத்துவிடம் கத்தினார். மேஸ்திரி என்னிடம் கத்தினார்.

"ஏலே, சனிக்கெழம அடுத்த கப்பலு வருது. அன்னைக்கும் துரைக்க குண்டி நனைஞ்சா நீ வீட்டுக்குப் போவ. உனக்கு முன்ன ரெண்டு பேரு போயாச்சு."

"நான் இன்னைக்குத்தானே வந்தேன் மேஸ்திரி?"

"அதுனாலதான் சொல்லுதேன். பழகிட்டா அனுப்ப மனசு வராது."

2. நாக்கு

அந்த இரண்டு பேரும் கான்வாஸ் உறையை மாற்றினார்கள், மெழுகு தேய்த்தார்கள், பித்தளை ஆணி அடித்தார்கள். மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவனும் பார்க்கவில்லை. நான் தையலைப் பிரித்தேன். உள்ளே தேங்காய்த் தும்பு, அதாவது நார். பத்து நாளாக மழை இல்லை, ஆனாலும் பிசுபிசுத்தது. ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு.

காயலின் உப்புத் தண்ணீரில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு அடித்த தும்பு அது. காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் அந்த உப்பு இழுத்துக்கொள்ளும். ஆள் உட்கார்ந்தால் தையல் வழியே கசியும்.

"தும்புதான் கோளாறு மேஸ்திரி. நல்ல தண்ணியில அலசணும்."

"தும்பு தந்தது எனக்க மச்சினன். நீ உறைய மட்டும் பாருலே."

மச்சினனுக்காக நான் வேலையை விட முடியாது. சொல்லாமல் அலசுவது என்று முடிவு செய்தேன்.

3. கிணறும் களமும்

தும்பைச் சாக்கில் கட்டி ஊர்க் கிணற்றுக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"குடிக்கிய தண்ணியில தும்பா அலசுத? குடத்தால மண்டைய உடைப்பேன்."

"துரைக்க மெத்தைக்கு அக்கா."

"அப்போ துரைய வந்து அலசச் சொல்லு."

ஊருக்கு வெளியே இருந்த குளத்துக்குப் போய் நான்கு முறை அலசினேன், நாக்கில் உப்பே தெரியாத வரைக்கும். அதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஒரே நாளில் காய வேண்டும். நாள் முழுக்க வெயில் விழும் இடம் கருவாட்டுக் களம்தான். தும்பில் உப்பு ஏறாமலிருக்க ஓலைப்பாய் விரித்தேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. என்னைப் போலக் குளச்சலில் பிறந்தவனுக்குக் கருவாட்டு வாடை மூக்கில் ஏறாது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

4. சனிக்கிழமை

நான் தைத்துப் போட்ட மெத்தையில் உட்கார்ந்து துரை கப்பலுக்குப் போய்த் திரும்பினார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

நான் தும்பை அலசியதும் களத்தில் காயப்போட்டதும் ஊர் வாய் வழியே மேஸ்திரி காதுக்கு எட்டியிருந்தது. அவர் ஓடிப்போய்க் கும்பிட்டார். "எல்லாம் எனக்க கைவேல துரே. தும்ப அலசச் சொன்னதே நான்தான்."

துரை தன் சட்டையை இழுத்து மோந்தார். "கருவாடு நாத்தம்! கப்பல் கேப்டன் மூக்கு பொத்தினான். இதுவும் உன் கைவேலையா?"

மேஸ்திரியின் விரல் உடனே என்னைக் காட்டியது. "இவன்தான் துரே! களத்துல காயப்போட்டது இவன்தான்! எல்லாமே இவன்தான்!"

"எல்லாமே இவனா? சரி, இவன் இருக்கட்டும். நாத்தம் மட்டும் போகணும்."

துடுப்புக்காரர்கள் இந்த முறை கடல் பக்கம் திரும்பவில்லை. மேஸ்திரியின் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். நான் தும்பை மறுபடி அலசித் தென்னந்தோப்பில் காயப்போட்டேன்.

இப்போது மெத்தை தைக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உறையை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். பிரித்து, உள்ளே இருப்பதை நாக்கில் வைத்துப் பாருங்கள். தைத்து முடித்த பிறகு, கடற்கரையில் பிறக்காத ஒருவனைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.