ரெண்டு வருஷத் தலைவலி

டோக்கன் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். டாக்டரின் கிளினிக் வாசலில் ஒரு இரும்பு மேசை, ஒரு மணி, எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லைகள் ஒரு டப்பா நிறைய. அவற்றோடு இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். காலை ஒன்பதரைக்கு முதல் டோக்கன், ஒரு மணிக்குள் எண்பது பேர். ஆளுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்பதில் யாருடைய வயிற்றை டாக்டர் அமுக்கிப் பார்ப்பார், யாருடைய முகத்தைக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதி அனுப்புவார் என்பது அவளுக்கு அத்துப்படி. "ரெண்டு நாளா வலிக்குது" என்று உள்ளே போகிறவர் போன வேகத்தில் வெளியே வருவார். "ரெண்டு வருஷமா வலிக்குது" என்று சொன்னால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். தொட்டுப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், ஸ்கேன் எழுதுவார். இதை இத்தனை வருடம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தவள் சும்மா இருப்பாளா? டோக்கனை நீட்டும்போதே குரலைத் தாழ்த்திச் சொல்லி அனுப்புவாள்.

"நேத்துல இருந்துன்னு உளறி வைக்காதீங்க. ரெண்டு வருஷமான்னு சொல்லுங்க. அப்பத்தான் கவனிச்சுப் பாப்பாரு."

பேப்பர் போடுகிறவரின் மனைவி அப்படிச் சொல்லப்போய், மார்பில் இருந்த கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிழைத்தும் கொண்டாள். அதற்குப் பிறகு அக்காவின் வாயைப் பிடிக்க முடியுமா! தெருவே வந்து யோசனை கேட்டது. டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. கிளினிக்கைப் பூட்டும்போது சிரிப்பார். "என்னக்கா, இன்னிக்கு வந்ததுல முப்பது பேருக்குச் சொல்லி வச்ச மாதிரி ரெண்டு வருஷமா இருக்கு?" அவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேசையைத் துடைப்பாள்.

அவளுடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. மனைவியின் மேசைக்கு முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை. "உன் கடையில இன்னும் போணி பண்ணாத ஆளு நான் ஒருத்தன்தான்" என்று கேலி செய்வார். ஆனால் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மூச்சுக் காட்டமாட்டார். வேன் அவருடைய ஏரியா, ஆஸ்பத்திரி அவளுடையது. முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த எல்லையை இரண்டு பேரும் தாண்டியதே இல்லை.

அவர்களுடைய ஒரே மகன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது, ஊர் உலகத்தைப் பாருங்கள் என்று ஒற்றைக் காலில் நின்று ஒன்பது நாள் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளினான். பயண இன்சூரன்ஸ் ஃபாரத்தையும் அவனே நிரப்பினான். ஏதாவது வியாதி உண்டா, எதற்காவது வைத்தியம் பார்த்ததுண்டா என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லை, இல்லை, இல்லை என்று குறித்தான். அத்தனையும் சத்தியமான உண்மை. அந்தக் காகிதத்தை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இது கையில் இருக்கும்வரை பயமில்லை என்று விமானத்தில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அருங்காட்சியகத்துக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கியவர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "தலையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கழுத்து விறைத்துக்கொண்டு திரும்பவில்லை. சுற்றுலா கைடு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பினான். பஸ்ஸில் இன்னும் இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்களே, அவன் என்ன செய்வான்? "சாயங்காலம் போன் பண்றேங்க்கா" என்றான். பண்ணவும் செய்தான், ஒரே ஒரு தடவை.

அவசர சிகிச்சைக் கூடத்தில் வரிசையாகத் தள்ளுப் படுக்கைகள். ஒருவர் கை உடைந்து கிடந்தார், ஒருவர் ஆக்ஸிஜனோடு கிடந்தார், ஒரு கிழவர் முனகிக்கொண்டிருந்தார். யார் முதல், யார் கடைசி என்று ஒன்றும் புரியவில்லை. ஒரு இளம் பெண் டாக்டர் வந்தாள். நர்ஸ் ஒரு போனை ஸ்டாண்டில் பொருத்தி ஸ்பீக்கரில் போட்டாள். அதற்குள்ளிருந்து தமிழ் கேட்டதும் அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"வணக்கம்மா, நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுவேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எவ்வளவு நாளா தலைவலின்னு கேக்கறாங்க."

அரை மணி நேரமாக. அதுதான் பதில். அதைச் சொல்லியிருந்தால் போதும், தாயே! ஆனால் அரை மணித் தலைவலி என்று சொன்னால் ஒரு மாத்திரையைக் கொடுத்து மூலையில் தள்ளிவிடுவார்களே. இத்தனை படுக்கை காத்துக்கிடக்கிறதே. அவளுடைய வாய் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

"ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர். அடிக்கடி வரும். இன்னிக்குத்தான் தாங்க முடியாமப் போச்சு."

படுத்திருந்தவர் அவ்வளவு வலியிலும் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்புக்கூட வந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் தட்டச்சு செய்தாள். ஐந்தே நிமிஷத்தில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். திடீர்த் தலைவலி, வாந்தி, விறைத்த கழுத்து, இது மூன்றும் சேர்ந்தால் அவர்கள் எப்படியும் ஸ்கேன் எடுப்பார்களாம். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. கசிவு இப்போதைக்கு நின்றிருக்கிறது, மறுபடி வெடித்தால் காப்பாற்ற முடியாது, அதற்குள் அடைத்தாக வேண்டும் என்றார்கள். அந்த வசதி இங்கே இல்லை. மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை நாளை மாலை ஐந்து மணி வரை இவருக்காக இருக்கும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், செலவை ஏற்பதாக இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம். வீட்டை விற்றாலும் புரட்ட முடியாத தொகை அது.

அவள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் தமிழ் பேசும் ஒரு பையன். பதமாகத்தான் பேசினான். கவலைப்படாதீங்கம்மா என்றான், ஆஸ்பத்திரிக் குறிப்புகளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

"அம்மா, ஆஸ்பத்திரி குறிப்புல ரெண்டு வருஷமா அடிக்கடி தலைவலின்னு இருக்கு. உங்க ஃபாரத்துல எந்தப் பிரச்சினையும் இல்லைன்னு போட்டிருக்கீங்க. ஏற்கெனவே இருந்ததை மறைச்சிருந்தா எங்களால கடிதம் குடுக்க முடியாதும்மா."

"அய்யோ தம்பி, அது பொய்யிப்பா! நல்லா கவனிக்கட்டுமேன்னு நான் சும்மா சொன்னது. அவருக்கு ஜென்மத்துல தலைவலி வந்ததில்லை."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எதும்மா பொய்? நேத்து சொன்னதா, இப்ப சொல்றதா?"

அவன் கேட்டதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தலைவலி இல்லை என்பதற்கு ஏதாவது சான்று அனுப்புங்கள் என்றான். அவள் தன் டாக்டரைக் கூப்பிட்டு அழுதாள். எண்பது பேரை வாசலில் நிறுத்திவிட்டு அந்த மனுஷர் அங்கேயே கடிதம் எழுதி அனுப்பினார்: இவர் என்னிடம் ஒரு நாளும் சிகிச்சைக்கு வந்ததில்லை. பையன் படித்துவிட்டுச் சொன்னான்: "அவர் பாக்காத ஆளைப் பத்தி அவர் எப்படிம்மா சான்று குடுக்க முடியும்? வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாமில்ல?" மகன் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, அப்பா லீவே எடுத்ததில்லை என்று எழுதி வாங்கி அனுப்பினான். அதுவும் எடுபடவில்லை. வியாதிக்காரனிடம் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும். வியாதியே இல்லாத மனுஷன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான், சொல்லுங்கள்!

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தரையோடு திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த நாக்கு!

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. அந்தப் பையன்தான். இவளுக்காக மேலதிகாரியிடம் நின்று பேசியிருக்கிறான், பாவம். "ஒரு வழி இருக்கும்மா. அவர் நினைவோட இருக்கார்னு டாக்டர் சொல்றாங்க. டாக்டரே அவர்கிட்ட நேரா கேக்கட்டும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. தலைவலி முன்ன இருந்ததில்லைன்னு அவர் வாயால சொல்லிட்டா குறிப்பை மாத்திடுவாங்க. உடனே கடிதம் அனுப்பிடறோம்."

அவள் அந்தப் பையனை வாழ்த்தித் தள்ளினாள். ஒரே ஒரு நிமிஷம் உள்ளே விடுங்கள் என்று நர்ஸிடம் சைகையால் கெஞ்சினாள். டாக்டர் இல்லாமல் முடியாது என்று அந்தப் பெண் கையை விரித்தாள். பரவாயில்லை, பரவாயில்லை. அவர் பொய்யே பேசத் தெரியாத மனுஷன் ஆயிற்றே. வேன் பத்து நிமிஷம் தாமதம் என்றால் பெற்றவர்களிடம் பத்து என்றுதான் சொல்வார், மனசுக்கு ஆறுதலாக ஐந்து என்றுகூடச் சொல்லமாட்டார். அவரிடம் கேட்டால் போதும். காரியம் முடிந்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

மூன்றரைக்கு டாக்டரோடு உள்ளே விட்டார்கள். ஸ்டாண்டில் போன், அதில் நேற்றைய அதே பெண் குரல். "அம்மா, நீங்க இருக்கலாம், ஆனா எதுவும் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க." அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூக்கிலும் கையிலும் குழாய்களோடு கிடந்தவர் அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தலைவலி உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு?"

அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இது வேன் இல்லை, ஆஸ்பத்திரி. இது அவளுடைய ஏரியா. அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ அதைத் தான் கெடுத்துவிடக் கூடாது. பாதி மயக்கத்தில் இருந்தவர் இருந்த தெம்பையெல்லாம் திரட்டிச் சொன்னார்.

"ரெண்டு வருஷமா."

பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. கண்ணில் நீர் தெறிக்கத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை, இல்லை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். அவர் அதைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கணக்கில் எங்கோ குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"இல்லைங்க, தப்பா சொல்லிட்டேன். மூணு வருஷம். மூணு வருஷமா இருக்கு. அவளுக்குத்தான் சரியா தெரியும்."

"பொய்! பொய் சொல்றாருங்க!" என்று அவள் கத்தினாள். "நான் சொன்னதுக்காகச் சொல்றாரு. அவருக்கு ஒண்ணுமே இருந்ததில்லைங்க, ஒண்ணுமே இல்லை!"

போனில் இருந்த பெண் இரண்டையும் மொழிபெயர்த்தாள். அவர் சொன்னதையும் அப்படியே, இவள் கத்தியதையும் அப்படியே. டாக்டர் அக்காவின் தோளைத் தொட்டாள். உண்மையான இரக்கத்தோடுதான் தொட்டாள். பிறகு குனிந்து, குறிப்பில் மூன்று வருஷம் என்று தட்டினாள். நிமிர்ந்து, பெரிய ஆஸ்பத்திரியில் இவருக்காக வைத்திருந்த படுக்கையை விட்டுவிடச் சொல்லப் போனாள்.

"அம்மா," என்றது போன். அந்தக் குரல் உடைந்திருந்தது. "நான் என்னம்மா பண்ணுவேன்?" இணைப்பு அறுந்துவிட்டது.

நர்ஸ் மட்டும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, திரையை மூடிவிட்டுப் போனாள். பேசிய களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் பஞ்சை நனைத்து ஒற்றினாள். பாதித் தண்ணீர் தலையணையில் விழுந்தது.

"ஏன் அழற? சரியாத்தானே சொன்னேன்?"

அவள் அவரைப் பார்த்தாள்.

"சரியாத்தாங்க சொன்னீங்க."

"இனிமே நல்லா கவனிச்சுப் பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க," என்றாள்.